பவுனு நாயின் காதும் லண்டன் நோட்டீசும்

ஆலங்கொம்பில் மூன்று பேர் இருக்கிறார்கள். மற்றவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் அவர்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போய்ச் சாயங்காலம் ஒழுங்காக வீட்டுக்கு வந்துவிடுவதால், அவர்களைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை.

மூவரில் முதல் ஆள் தையல்காரர் செண்பகராமன். ஒருமுறை ஒரு அம்மா தன் ஐந்து வயதுப் பையனைக் கூட்டிவந்து, "வளர்ற பிள்ள, அதுக்கும் சேத்துத் தைங்க" என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். செண்பகராமன் பையனை அளக்கவில்லை. பையனின் அப்பாவைத் தேடிப் போய் அளந்து தைத்தார். பையன் எதுவரைக்கும் வளருவான் என்று அவருக்கு வேறு எப்படித் தெரியும்?

இரண்டாவது ஆள் சைக்கிள் கடை ஆவுடையப்பன். பாங்குக்குப் போனவர், கண்ணாடிக் கதவில் 'கதவை மூடவும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மூடினார். யாரோ திறந்தார்கள். மறுபடியும் மூடினார். சாயங்காலம் வரை திறப்பதும் மூடுவதுமாகப் போயிற்று. மறுநாள் அவர் வரவில்லை என்றதும் மானேஜர் ஆள் விட்டுக் கேட்டாராம்.

மூன்றாவது ஆள் கோமதிநாயகம். கோர்ட் வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று தடவை கூப்பிடுகிற டவாலி வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. வாசலோடு சரி. ஆனாலும் சட்டம் அந்த வாசல் வழியாகத்தானே வெளியே வந்தாக வேண்டும் என்பதால், மற்ற இருவருக்கும் சட்டம் என்றால் கோமதிநாயகம்தான்.

செண்பகராமனுக்குத் தெருநாய் என்றால் உயிர். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாய்களைப் பற்றித்தான் பேசுவார். பெங்களூரில் இருக்கும் மைத்துனர் மகன் லீவுக்கு வந்தபோது, இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், 'ஆலங்கொம்பு நாய்கள்' என்று ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்துவிட்டுத் தப்பித்துப் போனான்.

அதில் ஊரின் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம் உண்டு. 'கருவாட்டுக்கடை மணி. நல்லவன். தபால்காரரைப் பற்றி மட்டும் அவனுக்கு வேறு கருத்து இருக்கிறது' என்கிற மாதிரி எழுதியிருப்பார். செத்துப்போன ஒன்பது நாய்களுக்கும் பக்கம் உண்டு. அந்த ஒன்பதும் இப்போது அங்கே மட்டும்தான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, முகப்பில், தையல் கடை வாசலிலேயே படுத்துக் கிடக்கும் பவுனுவின் படம். பவுனுவுக்கு இடது காது மேலே நிமிர்ந்திருக்கும், வலது காது கீழே மடிந்திருக்கும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

வெப்சைட்டை ஆரம்பித்த அன்று ஒரு எச்சரிக்கை வந்தது: 'பாஸ்வேர்டை ஒருவரிடமும் சொல்லாதீர்கள்.' செண்பகராமன் பயந்துபோனார். முழுவதும் தனக்கே தெரிந்திருந்தால் என்றைக்காவது வாய் தவறிவிடும் அல்லவா? அதனால் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு துண்டாக வைத்தார்கள். ஒருவர் டைப் அடிக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நிற்பார்கள். இன்றுவரை முழு பாஸ்வேர்டும் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

வெப்சைட்டைத் தினமும் மூன்று பேர் பார்ப்பார்கள். கணக்குக் காட்டும் இடத்தில் '3' என்று வரும். அந்த மூன்று பேரும் இந்த மூன்று பேர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை '4' என்று வந்தது. மூவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் இரண்டு தடவை பார்க்கவில்லை என்று உறுதியானதும் செண்பகராமன் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார்.

மறுநாள் காலையில் அந்த நாலாவது ஆளிடமிருந்து மெயில் வந்தது.

கோமதிநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடை நடுவில் எழுந்து நின்று வாசித்தார். லண்டன் சர்வதேச டிரேட்மார்க் பாதுகாப்பு மன்றத்திலிருந்து வந்திருந்தது. இடது காது மேலும் வலது காது கீழுமாக உள்ள நாய், தங்கள் கட்சிக்காரர் ஒருவரின் பதிவு பெற்ற சின்னம். ஏழு நாளைக்குள் அப்படிப்பட்ட நாய் எங்கும், எந்த வடிவிலும் காணப்படக் கூடாது. மீறினால் வெப்சைட் நிரந்தரமாக அழிக்கப்படும். நிலவரத்தை உடனுக்குடன் இந்த மெயிலுக்குத் தெரிவிக்கவும்.

செண்பகராமன் தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். "அழிச்சிருவானா? ஒம்போதையுமா?" என்று கேட்டார்.

அவர் மனைவி உலகம்மாள் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அந்தக் கடையில் ஊசிக்கு அடுத்தபடி கூர்மை அவளுக்குத்தான்.

"அண்ணாச்சி, ஆரம்பத்துல என்ன போட்டிருக்கு?"

"அன்புள்ள மேடம்னு போட்டிருக்கு மதினி."

"இவுகளப் பாத்தா மேடம் மாதிரியா இருக்கு? மேல பேரு என்ன?"

"ராபர்ட் வில்சன்."

"கையெழுத்து?"

"ஹென்றி தாமஸ்."

"ஒரே கடுதாசிக்குள்ள ஒருத்தன் பேர மாத்திட்டான். இது பித்தலாட்டம். தூக்கி எறிஞ்சிட்டு வேலையப் பாருங்க."

கோமதிநாயகம் சிரித்தார். விவரம் தெரியாதவர்களைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"மதினி, நாம ஆம்பிளையா பொம்பிளையான்னே தெரியாம எழுதியிருக்கான்னா என்ன அர்த்தம்? ஆளப் பாத்து நீதி சொல்றவன் இல்லன்னு அர்த்தம். ரெண்டு பேரு இருக்குன்னா ரெண்டு வக்கீல். நம்ம கேஸு அவ்ளோ பெருசு."

ரெண்டு வக்கீல் என்றதும் ஆவுடையப்பனுக்கு வியர்த்துவிட்டது. இருந்தாலும் அவர்தான் நல்ல யோசனை ஒன்று சொன்னார். இந்தக் கதையில் அவர் சொன்ன ஒரே நல்ல யோசனை அதுதான்.

"படத்த எடுத்துட்டாப் போதாதாவே?"

"எப்படிப் போதும்?" என்றார் கோமதிநாயகம். "'எங்கும், எந்த வடிவிலும்'னு போட்டிருக்கான். பவுனு எந்த வடிவத்துல இருக்கு?"

"நாய் வடிவத்துல."

"அப்ப மாட்டிக்கிட்டோம்லா? திருட்டு நகைய வீட்டுல வச்சிக்கிட்டு, அதோட போட்டோவ மட்டும் கிழிச்சுப் போட்டா போலீஸு விட்டுருவானா?"

மூவரும் வாசலைப் பார்த்தார்கள். குற்றவாளி இடது காதைத் தூக்கி, வலது காதை மடித்துக்கொண்டு, நடுரோட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். பஸ் சுற்றிப் போனது.

முதல் வழியைச் செண்பகராமனே கண்டுபிடித்தார். வாடிக்கையாளர் சட்டை போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியில் தற்செயலாகப் பவுனு தெரிந்தாள். கண்ணாடிக்குள் இருந்த பவுனுவுக்கு வலது காது மேலே, இடது காது கீழே.

"உள்ள இருக்கிற நாய்க்குக் குத்தம் இல்லவே!" என்று கத்தினார்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இனிமேல் ஊரில் யாரும் பவுனுவை நேரே பார்க்கக் கூடாது, கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆவுடையப்பன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பவுனு போகிற இடமெல்லாம் போனார். எதிரே வருகிறவர்களிடம், "அந்தப் பக்கம் பாக்காதீங்க, இங்ஙன பாருங்க" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். முக்கால்வாசிப் பேர் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிவிட்டுப் போனார்கள்.

பத்தரை மணிக்கு வெயில் ஏறியது. கண்ணாடியில் பட்ட வெயில் டீக்கடைக்காரர் கண்ணில் அடித்தது. அவர் டீயைக் கிளாசில் ஆற்றுவதாக நினைத்துக்கொண்டு ஊராட்சித் தலைவரின் வேட்டியில் ஆற்றினார். தலைவர் போட்ட கூச்சலில் கண்ணாடி முறை கைவிடப்பட்டது.

அடுத்தது தொழில்முறைத் திட்டம். சட்டைக் காலர் நிமிர்ந்து நிற்பதற்காக உள்ளே வைத்துத் தைக்கும் கேன்வாஸ் துணி செண்பகராமனிடம் நிறைய இருந்தது. காலரை நிறுத்துகிற கேன்வாஸ் காதை நிறுத்தாதா? வலது காதும் மேலே போய்விட்டால் அந்தச் சின்னம் வேறு, இந்த நாய் வேறு.

டேப்பை எடுத்துப் பவுனுவை அளந்தார். கோமதிநாயகம் குறித்துக்கொண்டார். "வலது காது நாலே கால். இடது நாலே கால். தலை சுத்தளவு பதினொண்ணு." கடைசியில் பழக்கதோஷத்தில், "பை வேணுமா?" என்று பவுனுவைக் கேட்டுவிட்டார் செண்பகராமன். அவள் ஒன்றும் சொல்லாததால் வைக்கவில்லை.

பள்ளிக்கூடச் சீருடையில் மிஞ்சிய நீலத் துணியில், இரண்டு காதுக்கும் உறை வைத்த தொப்பி ஒன்று தயாரானது. நேர்த்தியான வேலை. போட்டுவிட்டதும் பவுனு பெரிய முயல் மாதிரி இருந்தாள். கருவாட்டுக்கடை மணிக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. அவனும் இன்னும் ஆறு நாய்களும் சேர்ந்து, ஊருக்குள் புதிதாக வந்த இந்தப் பிராணியை விரட்டிக்கொண்டு வந்தார்கள். பவுனு ஓடிவந்து தையல் மிஷினுக்கு அடியில் புகுந்தவள் வெளியே வரவே இல்லை. சோறு வைத்தால் மோந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் இப்படியே போனது. செண்பகராமனும் சாப்பிடவில்லை. மிஷினுக்கு அடியில் குனிந்து, "கொஞ்சம் பொறுத்துக்கிடு தாயி. அந்த ஒம்போது பேரும் ஒன்ன நம்பித்தான் இருக்காக" என்று கெஞ்சினார். பவுனு அவர் கையை நக்கினாளே தவிர, சோற்றைத் தொடவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். சிரிப்புக் கதைதான், அதற்காக அதைச் சொல்லாமல் விட முடியாது.

மூன்றாம் நாள் உலகம்மாள் வந்து தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள்.

"வாயில்லா சீவன் பட்டினி கெடக்கு. லண்டன்காரனா வந்து சோறு வைக்கப் போறான்? அந்தக் காது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்!"

பவுனு வெளியே வந்து இரண்டு தட்டுச் சோறு தின்றாள். எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் வலது காது மறுபடியும் மடிந்துவிட்டது. நோட்டீசைத் திரும்ப ஒருமுறை எடுத்து வாசித்தார்கள். 'நிலவரத்தை உடனுக்குடன் தெரிவிக்கவும்' என்ற வரியில் கோமதிநாயகத்தின் விரல் நின்றது.

"இத நாம செய்யவே இல்லையேவே" என்றார். "ஒழுங்கா நிலவரம் சொல்லியிருந்தா அவனுக்கே நம்ம மேல ஒரு மரியாத வந்திருக்கும்."

அன்றே ஆரம்பித்தார்கள். ஒருவர் காதைப் பார்ப்பது, ஒருவர் சொல்வது, ஒருவர் போனில் மெயில் அடிப்பது. இரண்டு மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொண்டார்கள்.

'காலை 9.10. இடது மேலே, வலது கீழே. மன்னிக்கவும்.'

'9.11. ஈ உட்கார்ந்ததால் வலது காதும் ஆடியது. முழுவதும் எழவில்லை. முயற்சி தெரிகிறது.'

'9.12. ஈ போய்விட்டது. பழைய நிலை.'

'9.14. பஸ் ஹாரன். இரண்டு காதும் மேலே! இந்த நேரம் சட்டப்படி சரியாக இருக்கிறோம்.'

'9.14. பஸ் போய்விட்டது.'

கோமதிநாயகம் தன் முறை வந்தபோது கூடுதலாக ஒரு உண்மையையும் எழுதினார். கூர்ந்து பார்த்ததில், ஊரில் உள்ள மற்ற நாய்களும் ஏதாவது சத்தம் கேட்டால் சில சமயம் ஒரு காதை மட்டும் தூக்குகின்றன. எந்தெந்தச் சத்தத்துக்குத் தூக்கலாம், எந்தச் சத்தத்துக்குக் கூடாது என்று ஒரு பட்டியல் அனுப்பினால் நாய்களுக்கு எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும் என்று கேட்டிருந்தார். அவை எங்கள் வீட்டு நாய்கள் இல்லை என்றாலும் எங்கள் பேச்சைக் கேட்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

லண்டனிலிருந்து பதில் வந்தது: 'உங்கள் ஒத்துழைப்பு போதும். இனி நிலவரம் தேவையில்லை. வெப்சைட்டின் பாஸ்வேர்டை மட்டும் அனுப்பினால் சரிபார்த்துவிட்டு வழக்கை முடித்துவிடுவோம்.'

செண்பகராமனின் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கேவே."

அதனால் மூன்று பேரும் தனித்தனியாக, தங்களுக்குத் தெரிந்த துண்டைச் சொல்ல முடியாது என்பதை வருத்தத்தோடு தெரிவித்து மூன்று மெயில் அனுப்பினார்கள். பாஸ்வேர்டு விஷயம் முடியாத வரைக்கும் வழக்கு முடியவில்லை, வழக்கு முடியாத வரைக்கும் நிலவரத்தை நிறுத்துவது முறையாகாது என்று முடிவு செய்து, காது மெயிலையும் தொடர்ந்தார்கள்.

ஆறாம் நாள் மத்தியானம், வெப்சைட்டில் போட்டிருந்த நம்பருக்குப் போன் வந்தது.

"நான் வில்சன் பேசுறேன்."

செண்பகராமன் எழுந்து நின்றார். ஸ்பீக்கரில் போட்டதும் மற்ற இருவரும் எழுந்து நின்றார்கள்.

"எந்த வில்சன் ஐயா? மேல உள்ளவரா? கீழ உள்ள தாமஸ் ஐயா சௌக்கியமா?"

"ரெண்டும் நான்தான்யா" என்றது குரல். லண்டன்காரர் நன்றாகத் தமிழ் பேசினார். "தயவுசெஞ்சு அந்த மெயிலை நிறுத்துங்க. நேத்து ஒரு நாள்ல நானூத்திப் பன்னெண்டு. ஈ உக்காந்தா ஒரு மெயில், ஈ பறந்தா ஒரு மெயில். வேற யாரு மெயிலும் எனக்குக் கண்ணுல பட மாட்டேங்குது. என் தொழிலே படுத்துருச்சு."

"உடனுக்குடன்னு நீங்கதான..."

"தப்புத்தான்யா! பாஸ்வேர்டை மட்டும் சொல்லிருங்க, நான் போயிடுறேன்."

"சொல்லத்தான் கூடாது ஐயா, டைப் பண்ணலாம்" என்றார் ஆவுடையப்பன். "நீங்க ஒரு நட நேர்ல வாங்க. நீங்க செவுத்தப் பாத்து நின்னுக்கிட்டா, நாங்க ஒவ்வொருத்தரா அடிச்சிருவோம்."

"நான் செவுத்தப் பாத்து நின்னா, நீங்க அடிக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதான் ஐயா செவுரு."

போனுக்குள் ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது. அடுத்து வந்த குரல் கிட்டத்தட்ட அழுதது.

"யோவ், எனக்கு லண்டனும் கிடையாது, மன்றமும் கிடையாது. இப்படி எழுதினா பயந்துபோய் பாஸ்வேர்டைக் குடுப்பாங்கன்னு ஊர்பூரா எழுதுறவன் நான். உங்க நாயோட காதை உலகத்துல ஒருத்தனும் பதியல. அது மேல இருந்தா எனக்கென்ன, கீழ இருந்தா எனக்கென்ன? என்னை விட்டுருங்க!"

உலகம்மாள் காஜாவிலிருந்து நிமிரவே இல்லை. "நான் சொன்னப்போ யாரு கேட்டா?" என்றாள்.

கோமதிநாயகம் மட்டும் பதற்றப்படாமல் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஐயா, இத எழுத்துமூலமாத் தர முடியுமா?" என்று கேட்டார்.

அந்த மனிதர் என்ன செய்வார் பாவம். ஐந்தே நிமிஷத்தில் மெயில் வந்தது. இடது காது மேலும் வலது காது கீழுமாக உள்ள நாய்க்கு உலகத்தில் உரிமையாளர் எவரும் இல்லை என்று உறுதி கூறி, வில்சன் என்று ஒரு கையெழுத்தும் தாமஸ் என்று ஒரு கையெழுத்தும் போட்டிருந்தார்.

செண்பகராமன் பவுனுவைக் கட்டிக்கொண்டார். வெப்சைட்டைத் திறந்து மூவரும் ஒன்பது நாய்களின் பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆவுடையப்பன் மூக்கை உறிஞ்சினார். இத்தோடு மூவரும் வீட்டுக்குப் போயிருந்தால் கதையும் முடிந்திருக்கும். ஆனால் கோமதிநாயகம் அந்த மெயிலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு ஆபத்து இருக்குவே" என்றார். "உரிமையாளர் எவரும் இல்லன்னு எழுதியிருக்கான். அப்ப நாளைக்கு எவன் வேணும்னாலும் உரிமையாளர் ஆயிரலாம்லா? பொய்யான லண்டன்காரனுக்கே இது தோணிருக்கு. நெசமான லண்டன்காரனுக்குத் தோண எவ்ளோ நேரமாகும்?"

செண்பகராமனின் கை பவுனுவின் மேல் இறுகியது.

"என்னவே செய்யணும்?"

"நாம முந்திக்கிடணும். அந்தக் காது பவுனுக்கு மட்டுந்தான் சொந்தம்னு நாமளே எழுதி வச்சிக்கிட்டு, யாரு மீறினாலும் நோட்டீஸ் விடணும்."

"மீறுறதுக்கு யாரு இருக்கா?"

அப்போதுதான் ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். மூன்று கிலோமீட்டர் தள்ளி, மேலக்கொம்பு பஸ் நிறுத்தத்தில் ஒரு செவலை நாய் இருப்பதாகவும், அதற்கும் இடது காது மேலே, வலது காது கீழே என்றும், வெகுநாளாகவே அதன் மேல் தனக்குச் சந்தேகம் உண்டு என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில், சலவை செய்த வேட்டி கட்டிக்கொண்டு மூவரும் டவுன் பஸ் ஏறி மேலக்கொம்புக்குப் போனார்கள். செவலை நாய் நிழற்குடைக்கு அடியில் படுத்திருந்தது. அதற்கு வீடு கிடையாது, எசமான் கிடையாது, எனவே நோட்டீசை அதனிடமே சேர்ப்பிப்பதுதான் முறை என்று கோமதிநாயகம் தீர்ப்புச் சொன்னார். படிப்பறிவு இல்லாத கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதையும் நினைவுபடுத்தினார்.

செண்பகராமன் தாளைப் பிரித்து, கனத்த குரலில் வாசிக்க ஆரம்பித்தார். "அன்புள்ள மேடம்..."

நாய் எழுந்து உட்கார்ந்தது. இடது காதை நன்றாகத் தூக்கி, வலது காதை மடித்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மிகுந்த அக்கறையோடு கேட்டது.

"பாத்தீராவே நெஞ்சழுத்தத்த!" என்று கோமதிநாயகம் கொதித்துப்போனார். "நோட்டீச வாசிக்கும்போதே மீறுது!"

ஏழு நாள் என்று எழுதியிருந்ததை அங்கேயே பேனாவால் அடித்து மூன்று நாள் என்று மாற்றினார்கள். ஆவுடையப்பன் குனிந்து தாளை நாயின் முன்னால் மரியாதையாக வைத்தார். வரும் வழியில் அந்தத் தாளில்தான் மூவரும் ஆமவடையைச் சுற்றி வைத்திருந்தார்கள். நாய் ஒருமுறை மோந்து பார்த்தது, நக்கிப் பார்த்தது, பிறகு நாலு மடக்கில் நோட்டீசைத் தின்று முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது.

செண்பகராமன் திகைத்துப்போனார். "தின்னுட்டேவே! இப்ப என்ன செய்ய?"

"நல்லதாப் போச்சு" என்று கோமதிநாயகம் டைரியை எடுத்துத் தேதி போட்டார். "நாளப்பின்ன கோர்ட்டுல நின்னு, நோட்டீஸ் எனக்கு வந்து சேரலன்னு அது சொல்ல முடியாதுல்லா!"